மேட்டுக்காட்டில் மண்ணையும் மழையையும் நிறுத்த அரசு மானியம்: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மானியம் என்றதும் நம் பக்கத்தில் மூன்று பேச்சுதான் வரும்: சொட்டுநீர், பவர் டில்லர், சோலார் மோட்டார். வரப்பு போடவும் குட்டை வெட்டவும் ஏரி வண்டல் அடிக்கவும் அரசிடம் வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் பலர் பாதி வேலையை முடித்துவிட்டு அலுவலகம் போய், "முன்னாடியே வந்திருக்கணுமே" என்று கேட்டுத் திரும்பியவர்கள்.

இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பாலைவன மழை அல்ல இது. ஆனால் செம்மண் சரிவில் ஒரு மணி நேரம் கொட்டி, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. நாமோ ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தண்ணீர் தேடுகிறோம். அடியாழத்துத் தண்ணீரில் ப்ளூரைடு வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, ப்ளூரைடால் வரும் பல், எலும்பு நோயான ப்ளூரோசிஸ் தடுப்பு சேர்ந்திருப்பது சும்மா இல்லை.

என் கருத்து இது: நம்மவர்கள் மானியத்தைத் தலைகீழ் வரிசையில் வாங்குகிறார்கள். முதலில் போர், அப்புறம் சொட்டுநீர், தண்ணீர் வற்றிய பிறகு குட்டை, வரப்பு கடைசி வரை இல்லை. சொட்டுநீர் இருக்கிற தண்ணீரைச் சிக்கனமாகக் கொடுக்கும். இல்லாத தண்ணீரை உண்டாக்காது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, வரப்பிலிருந்து சொட்டுநீருக்கு என்று வரிசை போட்டு விண்ணப்பித்தால் அதே திட்டங்களில் இரட்டிப்புப் பலன் கிடைக்கும்.

படி 1: அலுவலகத்துக்கு முன் காட்டைச் சுற்றுங்கள்

நல்ல மழை பெய்யும்போது, அல்லது நின்ற அரை மணி நேரத்துக்குள், குடை பிடித்தாவது காட்டை ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே சேர்ந்து வாய்க்கால் போல் ஓடுகிறது, எந்த மூலையில் வெளியே போகிறது என்று பாருங்கள். போகும் இடத்தில் மண் கலங்கிப் போகிறதா, தெளிந்து போகிறதா என்பதையும் கவனியுங்கள். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பொறியாளர் கள ஆய்வுக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த நாளில்தான். அன்று இந்த வீடியோ பேசும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 2 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடினாலும் 40,000 லிட்டர். உங்கள் காட்டுக்கு மேலே உள்ள நிலத்திலிருந்தும் தண்ணீர் வருமானால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டை எவ்வளவு பெரிதாக வேண்டும், வேண்டுமா என்பதே இந்தக் கணக்கில்தான் தெரியும். திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அந்த அளவுக் குட்டையை வெட்டி, வருடம் முழுக்கக் காலிப் பள்ளமாக விட்டவர்கள் நிறைய.

படி 2: காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

விண்ணப்பங்கள் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். எந்தத் துறைக்குப் போனாலும் பொதுவாகக் கேட்பவை: சிட்டா, நடப்புப் பயிர் ஏறிய அடங்கல், எப்.எம்.பி என்கிற புலப்பட நகல், ஆதார், ரேஷன் கார்டு, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கின் பாஸ்புக், போட்டோ, சிறு குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போய் வரும். பட்டியல் இனத்தவர் என்றால் சாதிச் சான்றும் எடுத்து வையுங்கள். பல திட்டங்களில் தனி ஒதுக்கீடோ கூடுதல் மானியமோ உண்டு.

கூட்டுப் பட்டாதான் நம் பக்கத்துத் தலைவலி. தாத்தா பேரில் பட்டா, அனுபவிப்பது நான்கு பங்காளிகள், வாய்ப் பேச்சில் பிரித்த எல்லை. இப்படி இருந்தால் மானியம் ஒரு காரணமாக இருக்கட்டும், பாகப்பிரிவினையைப் பதிவு செய்து உட்பிரிவுப் பட்டா வாங்கிவிடுங்கள். அதுவரை மற்ற பங்குதாரர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை ஏற்பார்களா என்று அந்தந்த அலுவலகத்தில் கேளுங்கள். வாய் வார்த்தைக் குத்தகை செல்லாது. பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும்.

அடங்கலில் ஒரு கண் வையுங்கள். காட்டில் மா நிற்கிறது, அடங்கலில் கேழ்வரகு இருக்கிறது என்றால் தோட்டக்கலை விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இதைத் திருத்துவது வி.ஏ.ஓ. கையில். மத்திய அரசின் விவசாயி தனி அடையாள எண்ணுக்கு இன்னும் பதியாதவர்கள் அதையும் முடித்துவிடுங்கள்.

படி 3: எந்த வேலைக்கு எந்தக் கதவு

குட்டை, தடுப்பணை, மண் வேலை, இயந்திரம், சோலார் பம்பு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. மா, காய்கறி, பூ என்று தோட்டப் பயிர் வைத்திருந்தால் சொட்டுநீருக்கும் பிளாஸ்டிக் மூடாக்குக்கும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். நிலக்கடலை, கரும்பு, துவரைக்குச் சொட்டுநீரோ தெளிப்புநீரோ வேண்டுமென்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். கூலி ஆட்களை வைத்துச் செய்யும் வரப்பு, அகழி, பண்ணைக் குட்டைக்கு ஊராட்சியும் பி.டி.ஓ. அலுவலகமும். ஏரி வண்டலுக்குத் தாசில்தார்.

எதற்கு யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் உழவன் செயலியைத் திறந்து உங்கள் வட்டாரத்தின் உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று பார்த்து, அவரிடமே கேட்டுவிடுங்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அவர்கள் மானியம் தருவதில்லை, ஆனால் உங்கள் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று சொல்வார்கள்.

படி 4: வேலை ஆணைக்கு முன் மண்வெட்டி வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பெரும்பாலான திட்டங்களில் பின்னேற்பு மானியம்தான். அதாவது முதலில் உங்கள் கைக்காசு, வேலை முடிந்து அதிகாரி பார்த்த பிறகு உங்கள் கணக்கில் பணம். வேலைக்கு முன் கள ஆய்வு, போட்டோ, வேலை ஆணை. முடிந்த பிறகு இடக் குறியீட்டோடு மீண்டும் போட்டோ. ஜேசிபி பக்கத்துக் காட்டுக்கு வந்திருக்கிறதே, கையோடு நம்மதையும் வெட்டிவிடுவோம் என்று ஆரம்பித்தால் "ஏற்கெனவே இருந்த குட்டை" என்று எழுதிவிடுவார்கள். அதில் அவர்கள் தப்பும் இல்லை.

வேலை ஆணையில் நீளம், அகலம், ஆழம் எழுதியிருக்கும். அதில் ஒன்று குறைந்தாலும் அளவுப் புத்தகத்தில் குறையும், பணமும் குறையும். கூட வெட்டினால் கூடுதல் காசு வராது. பில் எல்லாம் உங்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும். வெள்ளைத்தாள் ரசீது உதவாது.

வரப்பு: மலிவானது, மறக்கப்பட்டது

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டைக் கிளறினால் கல்தான். அந்தக் கல்லையே சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் கல் வரப்பு. கல் இல்லாத இடத்தில் மண் வரப்பு. சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாகப் போவதுதான் முக்கியம். எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரப்பு என்று பழகிவிட்டோம். எல்லைக் கோடு சரிவோடு இறங்கினால் அந்த வரப்பே தண்ணீரை வேகமாக ஓட்டும் வாய்க்காலாகிவிடும். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். ஒவ்வொரு வரப்பிலும் அதிக நீர் வழிய ஒரு கலிங்கு விட்டு, அதைக் கல்லால் கட்டுங்கள். விடாவிட்டால் முதல் பெருமழையிலேயே வரப்பு உடையும். மேலே உள்ளது உடைந்தால் கீழே உள்ளதெல்லாம் வரிசையாக உடையும்.

இதற்கு வழி, ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டம். பட்டியல் இன, பழங்குடி குடும்பங்கள், சிறு குறு விவசாயிகள், வன உரிமைப் பட்டா வைத்திருப்பவர்கள் போன்றோரின் சொந்த நிலத்திலும் வரப்பு, அகழி, குட்டை, மரநடவு செய்ய இடம் இருந்த திட்டம் அது. சட்டமும் பெயரும் விதியும் மாறிக்கொண்டிருப்பதால் இப்போது எந்தத் தலைப்பில் எடுக்கிறார்கள் என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிராம சபையில் பெயரைப் பதிய வைப்பது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம். இந்த மாதிரி வேலையைக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

ஒரே ஓடைக்கு வடியும் நிலம் முழுவதையும் சேர்த்து வேலை செய்யும் நீர்வடிப்பகுதித் திட்டத்துக்குள் உங்கள் ஊர் வருகிறதா என்றும் விசாரியுங்கள். வந்தால் தனியாக அலைய வேண்டாம்; ஊர்க் குழு வழியாகவே ஒரு சரிவு முழுக்க வேலை நடக்கும். தனி ஆள் போடும் வரப்பைவிட அது பல மடங்கு நிற்கும்.

பண்ணைக் குட்டை: எதற்கு வெட்டுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குட்டை இரண்டு வகை வேலை செய்யும். பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்; கிணறும் போரும் கொஞ்சம் உயிர் பெறும். தாள் விரித்தால் தண்ணீர் நிற்கும். அதை எடுத்துப் பாய்ச்சலாம். ஒரே குட்டையில் இரண்டும் நடக்காது. பள்ளத்துக் கிணறு வைத்திருப்பவருக்கு முதல் வகை, கிணறே இல்லாத மா விவசாயிக்கு இரண்டாவது வகை என்பது என் கணிப்பு.

தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் பல ஆண்டுகள் நடப்பில் இருந்த விலைப்பட்டியலில், 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் தாள் விரித்த தனிநபர் நீர்த்தேக்கத்தின் மதிப்பு 1.5 லட்சம் ரூபாய். அதில் பாதி, 75,000 ரூபாய் மானியம். விலைப்பட்டியலைத் திருத்துவார்கள் என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கைச்செலவு மதிப்பீட்டில் பாதி என்று நம்ப வேண்டாம். பாறை வந்தால் மதிப்பீடு காகிதத்தோடு சரி.

இந்த 20-க்கு 20 குட்டையில் எவ்வளவு பிடிக்கும்? 1,200 கன மீட்டர் என்று வாய்க்கணக்கு போடுவார்கள். ஆனால் கரையைச் செங்குத்தாக விட்டால் செம்மண் சரியும். ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே தள்ளிச் சரிவு விட்டால் அடியில் 14-க்கு 14 தான் இருக்கும். கொள்ளளவு ஏறக்குறைய 876 கன மீட்டர், அதாவது எட்டே முக்கால் லட்சம் லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் நிரம்பிய குட்டையிலிருந்து தினம் 2,400 லிட்டர் வெயிலுக்குப் போகும். மாதத்துக்கு 72,000. நூறு மாங்கன்றுக்கு வாரம் 40 லிட்டர் வீதம் ஊற்றினால் மாதம் 16,000 தான் ஆகிறது! அதனால் சேர்ந்த தண்ணீரைக் கோடை உச்சம் வரை பொத்திப் பாதுகாப்பதைவிட, மழை இடைவெளி விழும் புரட்டாசியிலும் தை மாசியிலும் எடுத்துப் பயன்படுத்துவதே லாபம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை. தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஒரு சின்ன வண்டல் குழி எடுங்கள். மண் அதில் தங்கும், வருடம் ஒரு முறை அள்ளிக் காட்டிலேயே போடலாம். இது இல்லாத குட்டை சில வருடத்தில் மேடாகிவிடும். உள்ளே வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் கல் பதியுங்கள். தாள் என்றால் 500 மைக்ரான், ஐ.எஸ். 15351 முத்திரை, ஒட்டுப் போட்ட இடத்தை விரிப்பதற்கு முன் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெட்டிய செம்மண்ணை லோடு கணக்கில் விற்றுவிடலாம் என்று யாராவது வந்தால் வேண்டாம். கனிம விதிமீறல் வழக்காகும். அந்த மண் உங்கள் வரப்புக்கே வேண்டும். வேலியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தாள் விரித்த குட்டையில் வழுக்கி விழுந்தால் நீச்சல் தெரிந்தவராலும் ஏற முடியாது. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை நான்கு பக்கமும் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஏரி வண்டல்: இலவசம், ஆனால் வண்டிக்கூலி உங்களுடையது

ஏரி, குளத்தில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்குக் கட்டணம் இல்லை. 2024-லிருந்து தாசில்தார் மட்டத்திலேயே அனுமதி. இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலம் இருக்கும் அதே வட்டத்தில், அனுமதிப் பட்டியலில் உள்ள ஏரியாக இருக்க வேண்டும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர்.

90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் கனம் வரும். கேட்கச் சின்னதாகத் தெரியும். மணற்பாங்கான செம்மண் ஈரம் பிடிப்பதில் அதுவே நல்ல மாற்றம். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்றால் 30 நடை. ஏரி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் வண்டிக்கூலி கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். எடுப்பதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள்; எல்லா ஏரி மண்ணும் வண்டல் அல்ல, சிலவற்றில் உவர் இருக்கும். அள்ளும் வேலை வைகாசிக்குள் முடியட்டும்.

சொட்டுநீர்: நூறு சதவீதத்தின் உள்ளே என்ன இருக்கிறது

தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிகளுக்கு ஐந்து ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். நுண்ணீர்ப் பாசனத்துக்கான மிமிஸ் இணையதளத்தில் நீங்களே பதியலாம், அலுவலகத்திலும் பதிந்து தருவார்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். கம்பெனி ஆள் வந்து அளந்து வடிவமைப்பும் விலைப்புள்ளியும் கொடுப்பார். ஆய்வு, வேலை ஆணை, குழாய் பதிப்பது, மறு ஆய்வு என்று போகும். மானியம் பெரும்பாலும் கம்பெனிக்கே போவதால் இங்கே கைக்காசு முடங்காது. குழி எடுக்கும் கூலி மட்டும் உங்கள் தலையில் விழும்.

நூறு சதவீதம் என்பது பயிர் இடைவெளிக்கு அரசு வைத்த விலைக்குள் நூறு சதவீதம். மாவுக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40 மரம். பைப் குறைவு, மதிப்பும் குறைவு. தக்காளிக்கு நெருக்கமான வரிசை, மதிப்பு பல மடங்கு. ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். எனவே இளம் மாந்தோப்பில் ஊடுபயிராகக் காய்கறி வைக்கப் போகிறவர் அதை அடங்கலிலும் ஏற்றி, வடிவமைப்பிலும் சொல்லி வாங்குவது நல்லது. காட்டில் இல்லாத பயிரைக் காகிதத்தில் மட்டும் காட்டினால் மறு ஆய்வில் மாட்டுவீர்கள்.

சாமான் வந்து இறங்கியதும் பக்கவாட்டுக் குழாயை வெயிலில் நீட்டிப் படியுங்கள். ஐ.எஸ். 12786, உள்ளேயே துளி விடும் குழாய் என்றால் ஐ.எஸ். 13488 என்று அச்சிட்டிருக்கும். கூடவே விட்டம், கம்பெனி பெயர், தயாரித்த விவரம். அச்சு இல்லாத சுருள் ஒன்று கலந்திருந்தாலும் இறக்க விடாதீர்கள். போர் தண்ணீருக்குத் தட்டு வடிகட்டி போதும். குட்டை அல்லது திறந்த கிணற்றிலிருந்து எடுப்பதானால் பாசி வரும், மணல் வடிகட்டி கண்டிப்பாக வேண்டும். நம் பக்கம் சொட்டுநீர் செத்துப்போவது பெரும்பாலும் இந்த ஒரு சாமானால்தான். கம்பெனி மலிவானதை வைத்துவிட்டுப் போகும், ஒரே வருடத்தில் துளைகள் அடைக்கும்.

சொட்டுநீர் எடுப்பவர்களுக்கு மட்டுமான துணைநிலை நீர் மேலாண்மை மானியமும் உண்டு: மோட்டாருக்கு 15,000 ரூபாய், பைப் லைனுக்கு எக்டருக்கு 10,000, இரண்டும் செலவில் பாதிக்கு மிகாமல். போர் போட 25,000 என்று அதிலேயே ஒன்று இருந்தாலும் நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டங்களுக்கு மட்டும். நம் மாவட்டங்களில் நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட குறுவட்டங்கள் நிறைய என்பதால் அதை நம்பி போர் வண்டியை வரவழைக்காதீர்கள்.

சின்ன வேலைகள்

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்களுக்கு மல்ச்சிங் ஷீட் என்கிற பிளாஸ்டிக் மூடாக்கு பழக்கமானது. அதற்குத் தோட்டக்கலையில் 50 சதவீத மானியம் கிடைக்கும். பழைய ஷீட்டை உழுது மண்ணுக்குள் புதைக்காமல் இருந்தால் சரி. பசுந்தாள் விதை, 2024-25-ல் தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் வருகிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வரப்பில் மரம் வைக்கப் பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். இயந்திரத்துக்குச் சிறு குறு, பெண், பட்டியல் இன விவசாயிகள் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. மண் இறுகிய காட்டுக்கு உளிக் கலப்பையைச் சொந்தமாக வாங்க அவசியமில்லை, பொறியியல் துறையில் வாடகைக்கே எடுக்கலாம்.

எப்போது போவது

ஒதுக்கீடு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு. இலக்கு பிரித்து வட்டாரத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். எனவே சித்திரை வைகாசியில் காகிதத்தோடு தயாராக இருந்து, இலக்கு வந்ததும் முதல் வரிசையில் நில்லுங்கள். பிப்ரவரி மார்ச்சில் போனால் இரண்டில் ஒன்று நடக்கும்: இலக்கு முடிந்துவிட்டது என்பார்கள், அல்லது இலக்கு மீதி இருக்கிறது, பத்து நாளில் முடியுங்கள் என்பார்கள். இரண்டாவது வந்தால் விடாதீர்கள், ஆனால் அளவில் சமரசம் வேண்டாம்.

பணம் வரவில்லை என்றால்

முதலில் வங்கியில் ஆதார் இணைப்பைப் பாருங்கள். பாதிக் கேஸ் இங்கேயே தீரும். பட்டாவில் முருகன், ஆதாரில் முருகேசன் என்று இருந்தாலும் திரும்பிவிடும். அது சரி என்றால் விண்ணப்ப எண்ணைச் சொல்லி, கோப்பு கள அலுவலரிடமா, உதவி இயக்குநரிடமா, மாவட்டத்திலா, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். "வரும் வரும்" என்பது பதில் அல்ல. மாதம்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். வேலை ஆணை நகல், முன் பின் போட்டோ, பில் நகல் மூன்றையும் மனுவோடு இணையுங்கள். அசலை யாரிடமும் விட்டு வராதீர்கள்.